ரோட்டில் போகும் படகும் பின்னால் வரும் பைக்கும்

இந்தக் கட்டுரை ஓர் ஐஸ் பெட்டி மூடியைப் பற்றியது. சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

போன லீவில் நடந்தது. மாமாவின் ஃபைபர் படகு அடியில் விரிசல் விட்டு நாகப்பட்டினத்தில் ஒரு பட்டறையில் கிடந்தது. வேலை முடிந்ததும் வேதாரண்யம் பக்கம் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் தனியாக சர்வீஸில் இருந்ததால் கடல் வழியாக ஓட்டிக்கொண்டு போக முடியாது. லாரி பிடித்தோம். ஏற்றிவிட நானும் இன்னும் மூன்று பையன்களும் போயிருந்தோம். கூலி, பிரியாணி.

படகை லாரியோடு கட்டுவதில் எங்கள் ஆட்களைக் குறை சொல்லவே முடியாது. அடியில் பழைய டயர், இரண்டு பக்கமும் மணல் மூட்டை, குறுக்கே நாலு கட்டு. இழுத்துப் பார்த்து, ஏறி மிதித்துப் பார்த்து, மாமா மூன்று தடவை சுற்றி வந்தார். அதற்கப்புறம், "கீழ கெடக்குறதையெல்லாம் தூக்கி உள்ள போடுங்கடா" என்றார். போட்டோம். துடுப்பு இரண்டு, நங்கூரம், ஒரு கட்டு மிதவை, காலி கேன்கள், மூங்கில், லைஃப் ஜாக்கெட், தண்ணீர் இறைக்கும் வாளி, கடைசியாக ஐஸ் பெட்டி. மூடி பெட்டியில் சரியாக உட்காரவில்லை. "சரி, இருக்கட்டும்" என்று மேலே சாய்த்து வைத்துவிட்டு இறங்கியது வேறு யாரும் இல்லை, அடியேன்தான்.

லாரியில் இடம் இல்லாததால் நான் பைக்கில் பின்னால் போனேன். வேளாங்கண்ணி தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. லாரி அறுபதைத் தொட்டிருக்கும். எனக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு டி.வி.எஸ் 50. பெரியவர் ஒருவர் ஓட்ட, பின்னால் அவர் மனைவி, மடியில் காய்கறிப் பை. திடீரென்று அந்த மூடி எழுந்தது. விழுந்தது என்று சொல்ல மாட்டேன், எழுந்தது. பட்டம் மாதிரி மேலே போய், ஒரு தடவை புரண்டு, நேராக அவர்கள் முன்னால் இறங்கியது. பெரியவர் பிரேக் பிடித்தார். வண்டி சறுக்கி இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள்.

நல்ல வேளை, ரோட்டோரம் மணல். அவருக்கு முழங்கையில் ரத்தம், அந்த அம்மாவுக்குக் கால் சிராய்ப்பு, தக்காளி எல்லாம் நசுங்கிப் போனது. எதிரில் ஒரு பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க இன்றைக்கும் பயமாக இருக்கிறது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். மூடி எங்கள் படகுடையது என்று சொன்னதும் பெரியவர் கோபப்படவில்லை. "உள்ள வச்சா போதுமா தம்பி, கட்ட வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

இதில் என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. லாரி நிற்கவே இல்லை. வேண்டுமென்றே இல்லை, அதில் இருந்த யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் போன் அடித்துச் சொன்ன பிறகு, திருப்பூண்டி பக்கத்தில் நிறுத்திவிட்டு, "எந்த மூடி?" என்று கேட்டார்கள். நான் பின்னால் போகாமல் இருந்திருந்தால், அன்று ராத்திரி படகை இறக்கும்போது "எவனோ மூடிய எடுத்துட்டான்" என்று பேசி முடித்திருப்போம்.

மாமா வந்து பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கொடுத்தார். அப்புறம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "கடல்ல இதெல்லாம் கட்டாமத்தான மாப்ள போட்டு வச்சிருக்கோம்? அங்க பறக்காதது இங்க மட்டும் எப்படிடா பறக்கும்?"

நியாயமான கேள்வி. கடலில் கட்டாமல் வைப்பதுதான் சரியும்கூட. வலை ஓடிக்கொண்டிருக்கும்போது வாளியோ துடுப்போ கத்தியோ கைக்கு உடனே வர வேண்டும். முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க அங்கே நேரம் இல்லை. ஆக இது சோம்பேறித்தனம் இல்லை, தொழில் பழக்கம். கடலில் சரியாக இருக்கும் அந்தப் பழக்கம் ரோட்டில் தப்பாகிவிடுகிறது. ஏன் என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன்.

முதலாவது வேகம். படகு கடலில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே படகு லாரி மேல் 60-ல் போகிறது. வேகம் நாலு மடங்கு. காற்று தள்ளும் விசை நாலு மடங்கு இல்லை, பதினாறு மடங்கு. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றாற்போல் அது ஏறும் என்பது பள்ளிக்கூட பிசிக்ஸ். காமர்ஸ் எடுத்தால் பிசிக்ஸ் துரத்தாது என்று நினைத்தேன், துரத்துகிறது.

இரண்டாவது படகின் உருவம். அணியம் தூக்கி நிற்கும். அதில் மோதிப் பிரியும் காற்று படகின் குழிக்குள் சுழலும். ஓடுகிற காருக்குப் பின்னால் காகிதமும் தூசியும் எழும்பிச் சுற்றுகிறதே, அதே மாதிரி. போதாக்குறைக்குப் படகு லாரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கேபினின் மறைவும் முழுதாகக் கிடையாது. அந்தக் குழிக்குள் நாம் போட்டு வைப்பது என்ன? மிதவை, காலி கேன், தெர்மாகோல், லைஃப் ஜாக்கெட். எல்லாமே தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பதற்காகவே கனம் இல்லாமல் செய்தவை. காற்றில் முதலில் கிளம்புவதும் அவைதான்.

மூன்றாவது குலுக்கல். அலை ஆட்டும், ஆனால் மெதுவாக ஆட்டும். வேகத்தடையும் பள்ளமும் உதறும். ஒவ்வொரு உதறலுக்கும் பொருள் ஓர் அங்குலம் நகரும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். கிளம்பும்போது அடியில் கிடந்தது இருபது கிலோமீட்டர் கழித்து விளிம்பில் நிற்கும்.

"சரி, கனமானதுக்குக் கவலை இல்லை, நங்கூரம் பறக்காது" என்பீர்கள். பறக்காது, பாயும். லாரி 60-ல் போகும்போது நங்கூரமும் 60-ல் போகிறது. டிரைவர் பிரேக் அடித்தால் லாரி நிற்கும், கட்டாத நங்கூரத்துக்கு யாரும் பிரேக் அடிக்கவில்லை. அந்த வேகத்தில் ஒரு பொருள் போய் மோதுவதும், அதே பொருள் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒன்று. அதாவது நாலு மாடிக் கட்டிடத்து மொட்டை மாடியிலிருந்து நங்கூரத்தைக் கீழே போடுவதற்குச் சமம். முன்னால் இருப்பது படகின் அணியமாக இருந்தால் ஃபைபர் உடையும். தாண்டிப் போனால் கேபின் கண்ணாடி.

பின்னால் வருகிறவர் கணக்கையும் பாருங்கள். பைக் 50-ல் வந்தால் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும். ஏதோ விழுகிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கைத் தேடுவதற்குள் அந்த ஒரு விநாடி முடிந்துவிடும். நம் ஊரில் லாரிக்குப் பின்னால் 14 மீட்டர் இடைவெளி விட்டு யார் போகிறார்கள்? போதாததற்கு பைக்காரருக்கு முன்னால் கண்ணாடியும் இல்லை. விழுவது நேராக உடம்பில்தான்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். எகனாமிக்ஸில் எக்ஸ்டர்னாலிட்டி என்று ஒன்று உண்டு. ஒருவர் செய்யும் காரியத்தின் செலவை அதில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் சுமப்பது. ஆலைக் கழிவை ஆற்றில் விடுவதுதான் புத்தகத்தில் வரும் உதாரணம். பரீட்சைக்கு எழுதிப் பத்து மார்க் வாங்கிய எனக்கு, அது என்னவென்று புரிந்தது வேளாங்கண்ணி ரோட்டில்தான். கயிற்றுக்கான நானூறு ஐநூறு ரூபாயும் கட்டும் பத்து நிமிடமும் நம் செலவு. கட்டாமல் விட்டால் மிச்சம் நமக்கு. நஷ்டம் டி.வி.எஸ் 50-ல் வந்த பெரியவருக்கு. தன் நஷ்டமாக இருந்தால் எந்த முதலாளியும் கயிறு வாங்கிவிடுவார். படகை நாலு கட்டு போட்டுக் கட்டினோமே, ஏன்? படகு நம்முடையது. மூடி பறந்தால் போவது இன்னொருவர் தலை.

ஈடு கிடைக்காதா என்றால், லாரி எது என்று தெரிந்தால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் கேட்டுப் பார்க்கலாம். விழுந்தது தெரியாமல் லாரி போய்விட்டால்? அடையாளம் தெரியாத வண்டியால் நடக்கும் விபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள அரசுத் திட்டத்தில், இறந்தால் 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். ஒரு கால் போனவருக்கு அந்த ஐம்பதாயிரம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டமும் சும்மா இல்லை. சரக்கு வண்டிக்கு வெளியே அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், இறக்கி வைக்கும் செலவு தனி. படகில் பின்னால் நீட்டிக்கொண்டு போகும் மூங்கிலும் இந்தக் கணக்கில் வரும். அலட்சியமான செயலால் ஓர் உயிர் போனால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் 5 வருடம் வரை சிறை. "ஓட்டியவர்" என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை, அலட்சியமாகச் செய்தவர் யாராக இருந்தாலும் என்கிறது. மூடியைச் சாய்த்து வைத்தவனுக்கு அதைப் படிக்கும்போது வயிற்றைக் கலக்கியது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் படகை டிரெய்லரில் வைத்துக் காருக்குப் பின்னால் இழுத்துப் போவது சாதாரணம். அகலமான ரோடு, நல்ல வண்டி, எல்லாம் இருந்தும் ஏ.ஏ.ஏ. அறக்கட்டளை 2016-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். 2011 முதல் 2014 வரை ரோட்டில் கிடந்த, விழுந்த பொருட்களால் 2 லட்சத்துக்கும் மேல் விபத்துகள், சுமார் 39,000 பேருக்குக் காயம், 500-க்கும் மேல் சாவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு, வண்டியிலிருந்து கழன்றோ கட்டாமலோ விழுந்ததால் வந்தவை. 2004-ல் சியாட்டில் அருகே முன்னால் போன டிரெய்லரிலிருந்து ஒரு பலகை பறந்து, பின்னால் காரில் வந்த இளம்பெண்ணின் கண்ணாடியை உடைத்து அவர் பார்வையைப் பறித்தது. அடுத்த வருடமே வாஷிங்டன் மாநிலம், சரக்கைக் கட்டாமல் விட்டு ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்படுத்துவதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. அவருக்காவது முன்னால் ஒரு கண்ணாடி இருந்தது.

ஆனால் சட்டத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அன்று யார் தப்பு என்று பேசிப் பார்த்தோம். மாமா, "படகுக்குள்ள இருக்குறத டிரைவர் பாக்க வேணாமா?" என்றார். டிரைவர் அண்ணன், "ஏத்துறது உங்க வேல, ஓட்டுறதுதான் என் வேல" என்றார். பையன்கள் நாங்கள் போடச் சொன்னதைப் போட்டோம். யாரும் பொய் சொல்லவில்லை. வாடகை பேசினோம், டீசல் பேசினோம், பிரியாணி கூடப் பேசினோம். உள்ளே கிடப்பதைக் கட்டுவது யார் வேலை என்று மட்டும் பேசவில்லை. எல்லோர் வேலையும் என்று விட்டால் யார் வேலையும் இல்லை. கிளம்புவதற்கு முன் "நீ பாரு" என்று ஒரே ஓர் ஆளைக் கை காட்டிவிட வேண்டும். அவர் ஏறி, ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்த்து, "போலாம்" என்று சொன்ன பிறகுதான் வண்டி நகர வேண்டும்.

அந்த ஆள் என்ன செய்ய வேண்டும்? நாங்கள் இப்போது வைத்திருக்கும் முறை இதுதான்.

1. முடிந்தவரை படகைக் காலி செய்துவிடுங்கள். பறக்கக்கூடியது எதுவும் உள்ளே வேண்டாம். லைஃப் ஜாக்கெட், மூடி, வாளி எல்லாம் கேபினுக்குள் அல்லது ஒரு சாக்குக்குள் போய், சாக்கு வாய் கட்டப்பட வேண்டும்.

2. எஞ்சினைக் கழற்றி லாரித் தளத்தில் பழைய டயர் மேல் படுக்க வைத்துத் தனியாகக் கட்டுங்கள். எரிபொருள் கேனைக் காலி செய்து மூடியை முறுக்கி நிமிர்த்திக் கட்டுங்கள்.

3. நங்கூரம் மாதிரி கனமானவை படகின் ஆகக் கீழே, இரண்டு பக்கமும் நகராதபடி கட்டப்பட வேண்டும். வெறுமனே அடியில் கிடந்தால் போதாது.

4. துடுப்பு, மூங்கில் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, அந்தக் கட்டை இரண்டு இடத்தில் படகோடு கட்டுங்கள். ஓர் இடத்தில் மட்டும் கட்டினால் அது அங்கேயே சுழலும்.

5. தொங்கும் கயிற்று நுனி எதுவும் இருக்கக் கூடாது. பைக் சக்கரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

6. கடைசியாக மேலே தார்ப்பாய் வேண்டாம், பழைய வலையை விரியுங்கள். தார்ப்பாய் காற்றை வாங்கி உப்பும், படபடத்துக் கிழியும், சில சமயம் அதுவே பறக்கும். வலைக்குள் காற்று புகுந்து போய்விடும், பொருள் போகாது. இரண்டு பக்க விளிம்பிலும் இழுத்துக் கட்டினால் முடிந்தது வேலை. வெளிநாட்டில் இதற்கென்றே வலை விற்கிறார்கள். வலையிலேயே பிறந்து வளர்ந்த நாம் இதை யோசிக்கவில்லை பாருங்கள்!

7. பத்து கிலோமீட்டர் போனதும் ஒரு டீக்கடையில் நிறுத்திக் கட்டுகளைத் திரும்ப இழுத்துப் பாருங்கள். நைலான் கயிறு நீளும், நனைந்தால் இன்னும் நெகிழும். வெயிலில் வருடக்கணக்கில் கிடந்து நரைத்த கயிற்றை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

"அவசரத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளாவில் அறுநூறுக்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் மீட்புக்கு இறங்கின, பல படகுகள் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் போனவை. யாரும் சம்பளத்துக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் வலை விரி, முடிச்சுப் போடு என்று வகுப்பெடுத்தால் அடிக்க வருவார்கள் என்றான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மாதிரி நாளில்தான் மழை, இருட்டு, உடைந்த ரோடு, பின்னால் பைக்குகளின் கூட்டம் எல்லாம் ஒன்றாகச் சேரும். வழியில் ஒரு துடுப்பும் நாலு லைஃப் ஜாக்கெட்டும் பறந்துபோனால், போய்ச் சேர்ந்த இடத்தில் மொட்டை மாடியில் காத்திருப்பவர்களுக்கு அவை கிடைக்காது. காப்பாற்றப் போகிற வண்டி வழியில் ஒருவரை விழத் தள்ளிவிட்டுப் போவதைப் போல் கொடுமை உண்டா? பத்து நிமிடம் அப்போதும் பெரிய விலை இல்லை.

பெரியவருக்கு ஒரு வாரம் கழித்து மாமாவே போன் செய்தார். கை ஆறிவிட்டதாம், வண்டிதான் கொஞ்சம் இழுக்கிறதாம். அதற்கும் மாமா பணம் அனுப்பினார். போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணனின் படகை அதே பட்டறைக்கு அனுப்பினார்கள். கூப்பிடாமலேயே மாமா போய் நின்றார், தோளில் பழைய வலையோடு. எல்லாம் கட்டி முடித்து லாரி கிளம்பப் போகும்போது, "ஐஸ் பெட்டி மூடி எங்கடா?" என்று கத்தினார். கேபினுக்குள் என் காலடியில் இருந்தது. எடுத்துக் காட்டிய பிறகுதான் "போலாம்" என்றார்.